வீட்டுக் கேசட்டுகளுக்கு எந்த டெக் வாங்குவது?

பரணிலிருந்து கேசட் பெட்டி இறங்கியதும் எழும் முதல் கேள்வி, இவற்றை எதில் போட்டுக் கேட்பது என்பதுதான். வழிகள் பல உண்டு. வீட்டிலேயே மூலையில் கிடக்கும் டூ-இன்-ஒன்னைப் பழுதுபார்க்கலாம். 1980களிலோ 90களிலோ வந்த நடுத்தர டெக் (ஆம்பிளிஃபையரோடு இணைத்துக் கேட்கும் கேசட் கருவி) ஒன்றை வாங்கிச் சீரமைக்கலாம். ஜப்பானின் உயர்ரக மூன்று ஹெட் டெக்கைத் தேடிப் பிடிக்கலாம் (ஹெட் என்பது நாடாவைத் தொட்டு நிற்கும் காந்த முனை). இன்றும் தயாராகும் புதிய டெக்கை வாங்கலாம், கையடக்கப் பிளேயரோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது டிஜிட்டலாக மாற்றித் தருபவரிடம் பெட்டியை ஒப்படைத்துவிடலாம்.

என் பதிலை முன்பே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான தமிழ் வீடுகளுக்கு இரண்டாவது வழிதான் பொருத்தம்: தேயாத ஹெட்டும் நல்ல மோட்டாரும் உள்ள, ஒரே கேசட் போடும், இரண்டு ஹெட் டெக். பெயர்பெற்ற மாடல்களின் பின்னால் ஓடுபவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் டெக்கைத் தேர்ந்தெடுக்கும் முன் கேசட்டுகளைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் மூன்று வகைக் கேசட்டுகள் கலந்து கிடக்கும். கம்பெனி வெளியிட்ட திரைப்பாட்டு, பக்திப்பாட்டு, கச்சேரிக் கேசட்டுகள் ஒரு வகை. ரெக்கார்டிங் சென்டரில் துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, டிடிகே அல்லது மெல்ட்ராக் வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்கியவை இரண்டாவது வகை. மூன்றாவது வகை, வீட்டில் பதிந்தவை: வளைகுடாவிலிருந்து தபாலுக்குப் பதிலாக வந்த குரல் கேசட், கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரம், கோயில் கொடையில் பாடிய வில்லுப்பாட்டு, இலங்கை வானொலியிலிருந்து பிடித்த நிகழ்ச்சி, பாட்டியின் தாலாட்டு. முதல் இரண்டு வகைகளில் இருப்பதில் பெரும்பகுதி இன்று வேறெங்காவது கிடைத்துவிடும். மூன்றாவது வகையில் உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான் உண்டு, அது உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே எந்த டெக் என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது இந்த மூன்றாவது வகைதான்.

இந்தக் கேசட்டுகளைப் பதிந்த கருவிகள் ஒன்றுபோல இருக்கவில்லை. வெவ்வேறு வீட்டு டேப் ரெக்கார்டர்கள், வெவ்வேறு ஹெட்கள், பல சமயம் இறங்கிப்போன பேட்டரி. ஒவ்வொரு கருவியின் ஹெட்டும் தனக்கென ஒரு சாய்வில் நின்றிருக்கும். இங்கேதான் அசிமத் என்ற விஷயம் வருகிறது. ஹெட்டின் நடுவில் இருக்கும் நுண்ணிய பிளவு, நாடா ஓடும் திசைக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். பதிந்த ஹெட்டின் சாய்வும் ஒலிக்கும் ஹெட்டின் சாய்வும் பொருந்தவில்லை என்றால் உயர் ஒலிகள் மறைந்துபோகும். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். "கேசட் பழசு, அதான் மங்கிவிட்டது" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். பல நேரங்களில் மங்கியது நாடா அல்ல, சாய்வுதான் பொருந்தவில்லை.

எண்களைப் பார்த்தால் இது எவ்வளவு நுட்பமானது என்று விளங்கும். கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் இதை அறிமுகப்படுத்தியபோது நோக்கம் பேச்சைப் பதிவதுதான். அதனால்தான் இத்தனை மெல்லிய நாடா, இத்தனை மெதுவான ஓட்டம். அந்த வேகத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை நாடாவில் பிடிக்கும் இடம் 4.76 மைக்ரான் மட்டுமே. பழைய மோனோ ரெக்கார்டர் தன் தடத்தை ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் அகலத்தில் எழுதும். ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு சாய்வு வேறுபட்டாலே, அந்தத் தடத்தின் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் இடையே 2.6 மைக்ரான் தள்ளிப்போகிறது. அது பாதி அலைக்கும் மேல். அந்த உயரத்து ஒலிகள் ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொண்டு மங்க இது போதும்.

ஆக, வீட்டுப் பதிவுகளுக்கு வேண்டிய முதல் தகுதி, ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சாய்வைத் திருத்த முடிகிற டெக் என்பதுதான். மூன்று ஹெட், பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராக இழுக்கும் டைரக்ட் டிரைவ், ஒளிரும் மீட்டர் எல்லாம் அதற்குப் பிறகு. எளிய டெக்குகளில் கேசட் கதவின் முகப்புத் தகட்டைக் கழற்றினால் ஹெட்டின் பக்கத்தில் ஒரு சிறிய ஸ்க்ரூ தெரியும். கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே காந்தம் ஏறாத ஸ்க்ரூ டிரைவரால் அதை மெல்லத் திருப்பலாம். ஒரு புள்ளியில் "ச", "ஷ" ஓசைகள் சட்டென்று தெளியும். பேசுகிறவர் மூச்சு வாங்குவது கேட்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

முதல் வழியான பழைய டூ-இன்-ஒன்னைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதே கருவியில் பதிந்த கேசட்டுகள் என்றால் சாய்வு இயல்பாகவே பொருந்தியிருக்கக்கூடும். இது உண்மையான நன்மை. பெல்ட்டையும், நாடாவை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரையும் மாற்றி ஓட வைத்தால் அந்த ஒரு குவியல் கேசட்டுகளை முதலில் அதிலேயே கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ஹெட் தேய்ந்திருக்கும், வேகம் அலையும், வெளியே எடுக்க லைன் அவுட் பலவற்றில் இருக்காது. ஹெட்போன் துளையிலிருந்து எடுக்கும் ஒலியில் இரைச்சல் கலந்துவரும். உணர்வுக்காக வைத்துக்கொள்ளுங்கள், மீட்பு வேலைக்கு அதை நம்ப வேண்டாம்.

நடுத்தர டெக்கைச் சீரமைப்பது

இரண்டாவது வழிக்கு வருவோம். சோனி, டெக்னிக்ஸ், யமஹா, டெனான், பயனியர், அகாய், டீயாக் என்று எந்தப் பெயராகவும் இருக்கட்டும். நம் நாட்டில் செய்த சோனோடைன், காஸ்மிக் டெக்குகளும் பழைய பொருள் சந்தையில் தென்படுவதுண்டு. நான் பார்ப்பது பெயரை அல்ல. ஒரே கேசட் போடும் டெக்காக இருக்க வேண்டும். இரட்டைக் கேசட் டெக்குகளில் பெரும்பாலும் மலிவான பொறியமைப்பு ஒன்றையே இரண்டாக வைத்திருப்பார்கள். ஆட்டோ ரிவர்ஸ் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. திரும்பி ஓடும் டெக்குகள் பலவற்றில் ஹெட் சுழன்று நிற்க வேண்டும்; ஒவ்வொரு திசைக்கும் தனி அசிமத் ஸ்க்ரூ; சுழலும் அச்சு தேய்ந்துவிட்டால் எந்தத் திருத்தமும் நிலைக்காது.

வாங்கும்போது கையில் டார்ச்சும், நீங்கள் நன்றாக அறிந்த கேசட் ஒன்றும் இருக்க வேண்டும். டார்ச்சை ஹெட் மீது அடித்துப் பாருங்கள். நாடா உராய்ந்த இடத்தில் படி போன்ற பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். மற்ற எதையும் மாற்றிவிடலாம், ஹெட்டுக்கு மாற்று கிடைப்பது கடினம். பெர்மல்லாய் என்ற உலோகக் கலவையில் செய்த ஹெட்கள் தேயும். அகாயின் ஜி.எக்ஸ் ஹெட்கள் கண்ணாடியும் படிக ஃபெரைட்டும் கொண்டவை. அவை தேய்வது அரிது, அந்தக் காரணத்துக்காகவே அவற்றுக்கு என் மனத்தில் தனி இடம் உண்டு.

சோதனைக் கேசட்டுக்குத் திரைப்பாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தாளமும் வாத்தியக் கூட்டமும் வேகத் தள்ளாட்டத்தை மறைத்துவிடும். தம்புரா ஒலிக்கும் கச்சேரிக் கேசட்டோ, நாதஸ்வரத்தில் நீண்ட கார்வைகள் வரும் ஆலாபனையோ கொண்டுபோங்கள். சுருதி நிலையாக நிற்கிறதா, அலை அலையாக மிதக்கிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். நல்ல நிலையில் உள்ள டெக்கில் இந்தத் தள்ளாட்டம் 0.05 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அளவுமானி தேவையில்லை, கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு மேல் வேறு கருவி வேண்டாம். கேசட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் சுருள் நிறைந்த நிலையிலும் காலியான நிலையிலும் இழுவிசை மாறும். இரண்டு சேனலும் வருகிறதா என்று பாருங்கள். முன்னோட்டமும் பின்னோட்டமும் கடைசிவரை இழுக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

"ஓடவில்லை, மோட்டார் சத்தம் மட்டும் கேட்கிறது" என்று விற்பவர் சொன்னால் நான் மகிழ்ச்சியடைவேன். பெரும்பாலும் பெல்ட்தான் காரணம். அந்தக் காலத்து ரப்பர் பெல்ட்டுகள் ஆண்டுகள் கடந்ததும் ஒன்று தளரும், அல்லது உருகித் தார்போலப் பிசுபிசுத்துவிடும். உருகிய பெல்ட்டை அகற்றுவதுதான் இந்த வேலையின் மிக அழுக்கான பகுதி. பெல்ட் ஓடும் பூளியிலும், ஃபிளைவீல் என்ற கனமான சுழல்சக்கரத்திலும் ஒட்டியிருப்பதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சும் கொண்டு முழுவதுமாக எடுக்க வேண்டும். துளி மிச்சமிருந்தாலும் புதிய பெல்ட் வழுக்கும், வேகம் தள்ளாடும். பழைய பெல்ட்டின் அளவு தெரியாவிட்டால் அது ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிடச் சிறிது குறைவான சுற்றளவில் புதியது வாங்கலாம். சென்னை ரிச்சி தெருவைப் போன்ற மின்னணுச் சந்தைகளில் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் மாடல் எண்ணைக் குறிப்பிட்டு இணையத்தில் பெல்ட் தொகுதி வரவழைக்கலாம்.

பெல்ட்டுக்கு அடுத்தது பிஞ்ச் ரோலர். நாடாவை, அதைச் சுழன்று நகர்த்தும் கேப்ஸ்டன் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் இந்த ரப்பர் உருளை காலப்போக்கில் இறுகிப் பளபளப்பாகிவிடும். நாடா சுருண்டு டெக்கின் வயிற்றுக்குள் போவதற்கு முக்கியக் காரணம் இதுவும், எடுத்துச் சுற்றும் பக்கத்தின் இழுவிசை குறைவதும்தான். பழுப்புப் படிவத்தைத் துடைத்தும் பிடிமானம் வரவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். அதன்பின் கேப்ஸ்டன் தண்டையும் ஹெட்டையும் துடைப்பது, டெக்கை அணைத்துவிட்டு ஹெட்டின் காந்தத்தன்மையை நீக்குவது, இறுகிப்போன கிரீஸை வழித்தெடுத்துப் புதிதாக இடுவது. இதுவரை செய்தாலே பெரும்பாலான டெக்குகள் உயிர் பெற்றுவிடும்.

மின்சுற்றுப் பகுதிக்குள் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஒரு சேனல் மட்டும் இரைந்தாலும், ஒலி விட்டுவிட்டு வந்தாலும், உடனே கெப்பாசிட்டர்களை எல்லாம் மாற்றத் தொடங்காதீர்கள். பதிவு–ஒலிப்பு மாற்றும் நீண்ட சுவிட்சில் அழுக்கு ஏறியிருப்பதே பெரும்பாலும் காரணம். கான்டாக்ட் கிளீனர் தெளித்துச் சில முறை முன்னும் பின்னும் தள்ளினால் சரியாகிவிடும். சாதாரண டிவி, ரேடியோ மெக்கானிக் ஒருவருக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் இதைச் செய்தே பிழைத்தவர்கள் இன்றும் சிற்றூர்க் கடைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் போகும்போது "ஹெட்டைத் தொடாதீர்கள், அசிமத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

எளிய டெக்கின் இன்னொரு நன்மை, விசையை அழுத்தினால் இரும்பு நெம்புகோல் நகரும் பழைய பியானோ விசை அமைப்பு. அதில் எது எங்கே மாட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். மென்விசை டெக்குகளில் சிறிய மோட்டாரும் பற்சக்கரமும் சேர்ந்து ஹெட்டை ஏற்றி இறக்கும். அந்தப் பற்சக்கரத்தில் மயிரிழை விரிசல் விட்டாலும், நிலையறியும் சுவிட்ச் தேய்ந்தாலும், டெக் குழம்பி நின்றுவிடும். சீரமைக்க முடியாதது அல்ல, ஆனால் முதல் டெக்காக அதைத் தொட வேண்டாம்.

உயர்ரக மூன்று ஹெட் டெக்குகள்

இவற்றின் மீது எனக்கு உள்ள மதிப்பு சிறியது அல்ல. 1973இல் வந்த நகமிச்சி 1000 தொடங்கி, 1982இல் வந்த அதே நிறுவனத்தின் டிராகன், அகாய் ஜி.எக்ஸ்-75, சோனியின் ஈ.எஸ் வரிசை, டாஸ்காம் 122 வரை, பேச்சுக்காகப் பிறந்த ஒரு நாடாவை இசைக்குத் தகுதியாக்கியவர்கள் இவற்றைச் செய்த பொறியாளர்கள்.

மூன்று ஹெட் என்றால் அழிக்க ஒன்று, பதிய ஒன்று, ஒலிக்க ஒன்று. பதியும் ஹெட்டுக்குச் சற்று அகன்ற பிளவு வேண்டும், ஒலிக்கும் ஹெட்டுக்கு மிகக் குறுகிய பிளவு வேண்டும். ஒரே ஹெட்டில் இரண்டையும் செய்வது சமரசம். பிரித்துவிட்டால் இரண்டும் தன் வேலையை முழுமையாகச் செய்யும். அதோடு, பதிந்துகொண்டிருக்கும்போதே பதிந்ததை உடனுக்குடன் கேட்கலாம். பதியும்போது ஒலியோடு சேர்த்துத் தரும் பயாஸ் மின்னோட்டத்தைக் கேசட்டுக்கு ஏற்பத் திருத்தி, மூலத்துக்கும் பதிவுக்கும் வித்தியாசம் தெரியாத இடம் வரை கொண்டுபோகலாம். கவனியுங்கள், இந்த நன்மைகளில் பெரும்பகுதி புதிதாகப் பதிகிறவருக்கானவை. உங்களுடைய நோக்கம் பாட்டியின் தாலாட்டைக் கேட்பது என்றால், நீங்கள் பணம் கொடுப்பதில் பாதிக்கு மேல் நீங்கள் பயன்படுத்தப்போகாத பகுதிக்கு.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. டிராகன், நான் மேலே சொன்ன அசிமத் வேலையைத் தானாகவே செய்கிறது. அதன் ஒலிக்கும் ஹெட்டில் வலது சேனலின் தடம் மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இரு பாதிகளிலிருந்தும் வரும் ஒலி ஒரே கணத்தில் வருகிறதா, முன்பின்னாக வருகிறதா என்று சுற்று ஒப்பிட்டு, மோட்டாரால் ஹெட்டைச் சாய்த்துச் சரிசெய்யும். அந்நிறுவனத்தின் சி.ஆர்-7இல் அதையே கையால் திருகும் குமிழாக வைத்திருக்கிறார்கள். இன்னொன்று: நகமிச்சியின் மூன்று ஹெட் டெக்குகள் கேசட்டுக்குள் இருக்கும் சிறிய அழுத்துப் பஞ்சைத் தள்ளிவைத்துவிட்டு, இரட்டை கேப்ஸ்டனின் இழுவிசையாலேயே நாடாவை ஹெட்டோடு ஒட்டவைக்கின்றன. நம் ஊர்ப் பழைய கேசட்டுகளில் அந்தப் பஞ்சின் பசை விட்டுப்போயிருப்பது மிகச் சாதாரணம் என்பதால், இது பெரிய வசதி.

அப்படியென்றால் ஏன் பரிந்துரைக்கவில்லை? முதலில் விலை: ஒரு நல்ல டிராகனின் விலைக்குப் பல நடுத்தர டெக்குகளை வாங்கிச் சீரமைத்துவிடலாம். அடுத்தது பராமரிப்பு. இரட்டை கேப்ஸ்டன் என்றால் இரண்டு பிஞ்ச் ரோலர்களின் அழுத்தமும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்க வேண்டும். அது பிசகினால் இரண்டு உருளைகளுக்கும் இடையில் நாடா சுருங்கி நசுங்கும். ஒரே பிரதியாக உள்ள கேசட்டை அப்படிப்பட்ட டெக்கில் போடுவது ஆபத்து. பழைய நகமிச்சிகளில் சுருளைச் சுற்றும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பரும், ஆரஞ்சு நிறக் கெப்பாசிட்டர்களும் கெடுவது அந்த டெக்குகளைச் சீரமைப்பவர்களுக்குப் பழகிய விஷயம். அதை அறிந்த கைகள் நம் பக்கத்தில் மிகக் குறைவு. தபாலில் அனுப்பித் திரும்பப் பெறுவதும் கனமான, நுட்பமான கருவிக்கு நல்லதல்ல.

ஜப்பானிலிருந்து நேராக வரவழைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த நாட்டு உள்சந்தை டெக்குகள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். பின்புறம் வோல்டேஜ் மாற்றும் திருகு இருக்கிறதா என்று படத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பெரும்பாலான டெக்குகளில் டிசி மோட்டார் என்பதால் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் வேறுபாடு வேகத்தைப் பாதிக்காது. மிகப் பழைய ஏசி மோட்டார் டெக்குகளில் பாதிக்கும்.

புதிதாகப் பதிகிற ஆசை உள்ளவருக்கு என் தீர்ப்பு நேரெதிர். டிடிகே எஸ்.ஏ, மேக்செல் எக்ஸ்.எல் போன்ற நல்ல நாடாக்களைச் சேர்த்து வைத்து, அவற்றில் தன் விருப்பப் பாடல்களைப் பதிந்து மகிழ்பவர் தயங்காமல் மூன்று ஹெட் டெக்குக்குப் போகலாம். வெற்றுக் கேசட் இன்றும் தயாராகிறது: அமெரிக்காவில் நேஷனல் ஆடியோ கம்பெனியும், பிரான்சில் ரெக்கார்டிங் தி மாஸ்டர்ஸும் செய்கின்றன. சி-60ஐ (60 நிமிடக் கேசட்) வாங்குங்கள், அதிகம் போனால் சி-90. சி-120இன் நாடா சி-60இல் இருப்பதைவிட ஏறக்குறைய பாதித் தடிமன்தான், நீளும், சிக்கும்.

கடையில் கிடைக்கும் புதியவை

புதிய டெக் என்றால் டீயாக் டபிள்யூ-1200உம் அதன் தொழில்முறை உறவான டாஸ்காம் 202 எம்கே7உம்தான் முதலில் நினைவுக்கு வருபவை. பெட்டியைப் பிரித்தால் உடனே ஓடும், உத்தரவாதம் உண்டு, யு.எஸ்.பி வழியாக நேராகக் கணினிக்கு ஒலி போகும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்கிறது. இறங்கிய பேட்டரியில் மெதுவாக ஓடிய ரெக்கார்டரில் பதிந்த குரல், சரியான வேகத்தில் ஓடும் டெக்கில் கீச்சிடும். அந்தக் குமிழ் அதற்கு மிக உதவும். இவ்வளவையும் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உள்ளே இருப்பது, ஜப்பானின் தனாஷின் ஒரு காலத்தில் வடிவமைத்த எளிய பொறியமைப்பின் வழிவந்தது. இன்று உலகில் புதிதாகத் தயாராகும் கேசட் பொறியமைப்புகளில் ஏறக்குறைய எல்லாமே அந்த வழிவந்தவைதான். தம்புராச் சோதனையில் நன்றாகச் சீரமைத்த பழைய டெக்கின் பக்கத்தில் இவை நிற்பதில்லை. நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி அமைப்புக்கான ஐ.சி.கள் இப்போது தயாராவதில்லை என்பதால், டால்பி பி-க்கு இணையான இரைச்சல் குறைப்பை மட்டும், அதுவும் ஒலிக்கும்போது மட்டும், தருகிறார்கள். டால்பி சி-யில் பதிந்த கேசட் இருந்தால் பழைய டெக்தான் கதி. டால்பியைப் பற்றி ஒன்று: அசிமத்தைச் சரிசெய்த பிறகே அந்த பொத்தானைத் தொடுங்கள். உயர் ஒலி ஏற்கெனவே குறைந்திருக்கும்போது டால்பியைப் போட்டால் அது மேலும் குறைத்துவிடும். பிறகு கேசட்டைப் பழிப்போம்.

ஆக, கருவியைத் திறக்க விருப்பமே இல்லாதவர், கேசட்டுகள் பெரும்பாலும் பேச்சு என்றால், புதிய டெக்கை வாங்குவது தவறான முடிவு அல்ல. மத்திய அலை வானொலியிலிருந்து பதிந்ததற்கும் இது போதும். அந்த ஒலிபரப்பிலேயே 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் இருக்காது.

கையடக்கப் பிளேயர்களில் 2024இல் வந்த ஃபியோ சிபி13 அழகாகச் செய்யப்பட்டது. கனமான செம்பு ஃபிளைவீல் வைத்திருக்கிறார்கள். நடந்துகொண்டே பாட்டுக் கேட்க நல்ல துணை. டால்பி இல்லை, பதிவும் இல்லை. "கேசட்டை எம்.பி.3 ஆக மாற்றும் கருவி" என்று பெயரில்லாமல் மிக மலிவாக விற்கும் சிறிய பிளாஸ்டிக் பெட்டிகளை மட்டும் வாங்கவே வேண்டாம். வேகம் நிலையற்றது, ஹெட் எப்படியோ நிற்கிறது. அதைவிட மோசம், ஒரே பிரதியான நாடாவை அது கடித்துத் துப்பக்கூடும்.

எந்த டெக்காக இருந்தாலும் போடும் முன்

கேசட்டின் பின்விளிம்பில் உள்ள இரு பிளாஸ்டிக் பற்களையும் முதலில் உடைத்துவிடுங்கள். அப்போதுதான் தவறுதலாகப் பதிவு விசை அழுந்தினாலும் எதுவும் அழியாது. சாளரத்தின் வழியே சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெண்மையான பொடி தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது மிகச் சாதாரணம். அதை நல்ல டெக்கில் போடக் கூடாது. பூஞ்சை ஹெட்டிலும் ரோலரிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். முகக்கவசம் அணிந்து, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வைத்து உலரவிட்டு, இதற்கென்றே ஒதுக்கிய பழைய கருவி ஒன்றில் முன்னும் பின்னும் சுற்றித் துடைத்தபின் மட்டுமே டெக்குக்குக் கொண்டுவர வேண்டும். கேசட்டின் பிளாஸ்டிக் ஓடு நெளிந்திருந்தாலோ அழுத்துப் பஞ்சு விழுந்திருந்தாலோ, நாடாச் சுருளை ஸ்க்ரூ போட்ட வேறு நல்ல ஓட்டுக்கு மாற்றிவிடலாம். பொறுமை இருந்தால் எவராலும் செய்ய முடிகிற வேலை.

கணினியில் ஏற்றும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் டபிள்யூ.ஏ.வி கோப்பாக ஏற்றுங்கள். ஆவணக்காப்பகங்கள் 96 கிலோஹெர்ட்ஸை விரும்புகின்றன. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். மோனோ பதிவையும் ஸ்டீரியோவாகவே ஏற்றி வையுங்கள். இரு சேனல்களில் ஒன்று சில இடங்களில் தெளிவாக இருக்கும், பிறகு தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வேகம் சரியா என்று ஐயம் வந்தால், பதிவில் ஒட்டியிருக்கும் மின்சார முனகலைத் தேடுங்கள். மின்சாரத்தில் ஓடிய ரெக்கார்டர் என்றால் அது 50 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்க வேண்டும். 53 என்று காட்டினால் கேசட் வேகமாக ஓடுகிறது என்று பொருள். அந்த நாட்களில் நம் மின்சாரமே துல்லியமாக 50இல் நிற்கவில்லை என்பதால் இதைத் தோராயமான வழிகாட்டியாகக் கொள்ளுங்கள்.

கடைசி வழி, பிறரிடம் கொடுப்பது. பத்துப் பன்னிரண்டு கேசட்டுகள்தான் இருக்கின்றன, அவற்றைக் கேட்டுவிட்டால் போதும், டெக் மீது ஆர்வம் இல்லை என்றால் இதுவே சிக்கனம். கொடுக்கும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் அசிமத் திருத்துவீர்களா? சாதாரண வேகத்தில்தான் ஏற்றுவீர்களா, விரைவு நகலா? இரைச்சல் நீக்காத மூலக் கோப்பையும் தருவீர்களா? முதல் கேள்வியே புரியாமல் விழிப்பவரிடம் கொடுக்க வேண்டாம். இரைச்சலை மென்பொருளால் அதிகமாகத் துடைத்தால் குரலின் மூச்சும் சேர்ந்து போய்விடும். மூலக் கோப்பு கையில் இருந்தால்தான் பின்னால் வேறு விதமாக முயல முடியும். பெட்டியில் தெருக்கூத்து, வில்லுப்பாட்டு, ஒப்பாரி போன்ற களப்பதிவுகள் நிறைய இருந்தால் அது வீட்டு விஷயம் மட்டும் அல்ல. அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் 1982இல் தொடங்கி, குருகிராமிலிருந்து நடத்திவரும் இசை ஆவணக் காப்பகம் போன்ற இடங்களுக்கு எழுதிக் கேட்கலாம். பாடியவர் யார், எந்த ஊர், எந்தத் திருவிழா என்று தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே ஒவ்வொரு கேசட்டுக்கும் அந்த விவரங்களை எழுதி உறைக்குள் வைத்து அனுப்புங்கள்.